வேலியோரத்துப் போலி வில்வம்

நியூஜெர்சியில் வீடு வாங்கிய முதல் கோடையில், ஒரு சனிக்கிழமை, பின்பக்க மரவேலியில் படர்ந்திருந்த கொடியை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டேன். முள் கிடையாது, சுணை கிடையாது, தொட்டால் எரியவும் இல்லை. இளசான, பளபளப்பான இலைகள். மும்மூன்றாக இருந்ததைப் பார்த்து, வில்வம் மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தேன். ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை. திங்கள் காலை எழுந்தபோது இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகத் தடித்திருந்தது, பூனை பிறாண்டிய மாதிரி. மாலைக்குள் அந்தக் கோடுகளின் மேல் பாசிமணி கோத்தது போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு.

ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா, "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்பா, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடு" என்றார். எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் குவிந்து கிடந்த கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார்: பாய்சன் ஐவி.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 1 கோடி முதல் 5 கோடிப் பேர் வரை இந்தச் செடி வகைகளால் தடித்துப் போகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் பூங்காப் பாதையோரமெல்லாம் இது உண்டு. இவ்வளவு பரவலாக இருந்தும், அதை எப்படிக் கையாள்வது என்பதில் ஆளுக்கு ஒரு நம்பிக்கை. கொப்புள நீர் பட்டால் பரவும் என்பார் ஒருவர், ப்ளீச் ஊற்றிக் கழுவு என்பார் இன்னொருவர். இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. பெயரில் பாய்சன் இருப்பதால் இதை ஒரு விஷக்கடி போலவோ தொற்றுநோய் போலவோ நினைத்துவிடுகிறோம். உண்மையில் நம் மேல் படுவது ஓர் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் எப்படி ஒட்டும், எப்படிப் பரவும், எதில் போகும் என்பது எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெயரின் இன்னொரு பாதியும் தப்புத்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான கேப்டன் ஜான் ஸ்மித், தங்கள் நாட்டு ஐவிக் கொடியைப் போலவே இருக்கும் ஒரு செடி தொட்டால் சிவந்து, அரித்து, கடைசியில் கொப்புளம் போடுகிறது என்று எழுதிவைத்தார். ஐவி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆனால் இதற்கும் ஐவிக்கும் உறவில்லை. இதன் உறவினர்கள் யார் தெரியுமா? மா, முந்திரி, சேங்கொட்டை. ஆம், மாமரக் குடும்பம். மாங்காய்க் காம்பை உடைத்தால் பீறிடும் பால் உதட்டோரம் பட்டுப் புண்ணாகிப் போன அனுபவம் உள்ளவர்கள், பாய்சன் ஐவியின் ஒன்றுவிட்ட தம்பியைச் சந்தித்தவர்கள்.

அந்த எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானியர்கள் பெட்டிகளுக்கும் கிண்ணங்களுக்கும் பூசும் கறுப்பு அரக்குக்கு உருஷி என்று பெயர். அது இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பால். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிகோ மஜிமா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைப் பிரித்தாராய்ந்து அமைப்பைக் கண்டுசொன்னார். காற்றுப் பட்டதும் கறுத்து, இறுகி, லேசில் போகாத பூச்சாக மாறுவது இதன் குணம். சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட்டது இதே குணத்தை நம்பித்தான். சாற்றோடு சுண்ணாம்பும் சேர்ந்தால் கறுப்புக் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குக் கழுத்துக்குப் பின்னாலும் இடுப்பிலும் காரணம் புரியாத தடிப்புகள் வந்தன. சலவைக் குறி பட்ட இடமும் தடித்த இடமும் பொருந்துவதைக் கவனித்த ராணுவ மருத்துவர்கள் 1943இல் அதை எழுதினார்கள். அந்தச் சிப்பாய்களின் உடம்பு சேங்கொட்டையை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பாய்சன் ஐவியைப் பார்த்திருக்கும்.

கேரளத்தில் சேங்கொட்டைக்கு உறவான மரம் ஒன்றின் அடியில் போய் உடம்பு தடித்தால், தான்றி மரத்தைச் சுற்றிவந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. தான்றியைச் சுற்றுவதால் தடிப்பு போகாது என்றாலும், எந்த மரம் என்ன செய்யும் என்று அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. என் வேலியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, செடியை எப்படி அடையாளம் காண்பது? 'இலை மூன்று என்றால் விட்டு விலகு' என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் வாய்பாடு. அது மட்டும் போதாது, மூன்று இலைச் செடிகள் ஆயிரம் உண்டு. நமக்கு வில்வம் நல்ல உவமை. வில்வத்தில் நடு இலைக்குக் காம்பு நீளமாகவும் பக்கத்து இரண்டும் ஏறக்குறையக் காம்பே இல்லாமல் ஒட்டியும் இருக்கும் அல்லவா, இதிலும் அப்படியேதான். பக்கத்து இலைகளின் வெளிவிளிம்பில் பெரும்பாலும் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும், கட்டைவிரல் விரித்த கையுறை போல. மும்மூன்று இலைக் கொத்துகள் தண்டில் மாறி மாறி வரும், எதிரெதிராக வராது. பாக்ஸ் எல்டர் என்ற மரத்தின் கன்றுக்கும் மூன்று இலைதான், ஆனால் அதில் கொத்துகள் எதிரெதிரே அமைந்திருக்கும். ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் மூன்று இலை காட்டும், ஆனால் முள் உண்டு. பாய்சன் ஐவியில் முள் என்பதே கிடையாது. பக்கத்திலேயே வளரும் வர்ஜீனியா க்ரீப்பருக்கு ஐந்து இலை.

நிறத்தை நம்ப வேண்டாம். வசந்தத்தில் தளிர் செம்பு நிறம், கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து மயங்கி, படம் எடுக்கக் கையில் பிடித்தவர்களும் உண்டு. தரையில் படரும், புதராக நிற்கும், மரத்தில் ஏறும், எல்லாம் ஒரே செடிதான். மரத்தில் ஏறிய பழைய கொடியைத் தேங்காய் நார் முறுக்கிய தடிக்கயிறு போல ரோமம் அடர்ந்திருப்பதை வைத்து இலையே இல்லாத பனிக்காலத்திலும் கண்டுபிடிக்கலாம். வெள்ளை நிறச் சிறு காய்களைப் பறவைகள் தின்று, வேலி மேலும் கம்பி மேலும் உட்கார்ந்து எச்சமிடும். வேலியோரத்தில் இது ஏன் முளைக்கிறது என்பதற்கு அதுவே விடை. அடர்காட்டைவிட வெயில் படும் ஓரங்களையே இது விரும்பும்: நடைபாதையின் விளிம்பு, ஆற்றங்கரை, வீட்டுக் கொல்லை. மனிதர்கள் நடமாடும் இடங்களும் அவைதானே.

கலிபோர்னியா பக்கம் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது பாய்சன் ஓக்கை. அதுவும் மூன்று இலைதான், விளிம்பு ஓக் இலை போல வளைந்து வளைந்து இருக்கும். சதுப்பு நிலங்களில் பாய்சன் சுமாக் என்ற இன்னொன்று உண்டு, அதற்கு 7 முதல் 13 சிற்றிலைகள். எல்லாவற்றிலும் ஓடுவது உருஷியால்தான், வைத்தியமும் ஒன்றுதான்.

இப்போது உடம்புக்குள் நடப்பதற்கு வருவோம். இலை கசங்கினால்தான் எண்ணெய் வெளியே வரும். ஆனால் பூச்சி கடித்த ஓட்டை, காற்றில் உரசிய கீறல் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும் என்பதால், கசங்காத இலை என்று ஒன்று கிடைப்பது அரிது. ஓர் உப்புக்கல்லைவிடக் குறைவான அளவு, அதாவது 50 மைக்ரோகிராம் பட்டாலே பெரியவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குத் தடிப்பு வரும். பட்ட எண்ணெய் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. இந்தப் பிணைப்பை அன்னியன் என்று எடுத்துக்கொண்டு, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்த இடத்தைத் தாக்குகின்றன. சிவப்பு, வீக்கம், கொப்புளம், அரிப்பு எல்லாம் அந்தச் சண்டையின் விளைவுகள். சும்மா விட்டிருந்தால் உருஷியால் நம்மை ஒன்றும் செய்திருக்காது. ஆடும் மானும் இந்த இலையைச் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகின்றன.

டி செல்கள் படை திரட்ட நேரம் எடுக்கும். அதனால்தான் சனிக்கிழமை தொட்டதற்குத் திங்கட்கிழமை பலன். வாழ்வில் முதல்முறை படும்போது உடம்புக்கு இதைப் பற்றி ஞாபகம் எதுவும் இல்லை, அடையாளம் பழகவே பத்து நாள் முதல் மூன்று வாரம் ஆகலாம். பலருக்கு முதல்முறை தடிப்பே வராது. அதன்பின் படும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே பழகிய படை 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். புதிதாக அமெரிக்கா வந்தவர்கள் முதல் கோடையில் எதுவும் ஆகாமல் தப்பித்து, 'எனக்கு இது ஒத்துக்கொள்ளும் போல' என்று தைரியமாகிவிடுவது இதனால்தான். நானும் அதற்கு முந்தைய இரண்டு கோடைகளில் மலைப்பாதைகளில் நடந்திருக்கிறேன். எங்கோ, எப்போதோ, தெரியாமல் உரசியிருக்க வேண்டும்.

தடிப்பைப் பார்த்து இது பாய்சன் ஐவிதான் என்று சொல்ல உதவும் பெரிய தடயம் அந்தக் கோடுகள். இலை தோலின் மீது இழுபட்ட வழியில் எண்ணெய் கோடாகத் தடவப்படுவதால், தடிப்பும் கோடாக வருகிறது. பூச்சிக்கடி அப்படி வராது, நடுவில் ஒரு கடிவாய் இருக்கும். பித்தத் தடிப்பு என்று நாம் சொல்லும் காணாக்கடி ஓரிடத்தில் தோன்றி, சில மணி நேரத்தில் மறைந்து, வேறிடத்தில் எழும்பும். இது நாள்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் அதிகம். உண்ணி கடித்து வரும் லைம் நோயின் வட்டத் தடிப்பு பெரும்பாலும் அரிக்காது, கொப்புளமும் போடாது. அதே புதரில் உண்ணியும் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்துத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் படங்கள். பளிச்சென்ற சிவப்பை எதிர்பார்த்து நம் தோலைப் பார்த்தால் அந்தச் சிவப்பு தெரியாது. மாநிறத் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, சிலருக்குச் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்தோ இருக்கும். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும்: தடவிப் பார்த்தால் மேடும் சூடும் தெரியும். ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். அது தழும்பு இல்லை, நிறம்தான். மெல்லத் தெளிந்துவிடும். நோய் இன்னும் போகவில்லை என்று பயந்து அதன்மேல் ஸ்டீராய்டு க்ரீமை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கக் கூடாது.

தடிப்பு வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்று: "பரவிக்கிட்டே போகுது." முதல் நாள் மணிக்கட்டு, மூன்றாம் நாள் முழங்கை, ஐந்தாம் நாள் தொடை. கொப்புளம் உடைந்து அந்த நீர் வழியாகப் பரவியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கொப்புள நீரில் உருஷியால் துளியும் இல்லை, அது நம் உடம்பிலிருந்து ஊறிய நீர். எண்ணெய் அதிகம் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் பொங்கும், குறைவாகப் பட்ட இடமும் தடித்த தோலும் பின்னால் பொங்கும், அவ்வளவுதான். தடிப்பு வந்தவரைத் தொடுவதால், தூக்குவதால், ஒரே படுக்கையில் படுப்பதால் அடுத்தவருக்கு ஒட்டாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்மார்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஐந்தாம் நாளில் புது இடத்தில் புதிதாகக் கிளம்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைத்தான் தேட வேண்டும். எண்ணெய் இன்னும் வீட்டில் எங்கோ இருக்கிறது. கத்தரிக்கோல் பிடி, ஷூ கயிறு, கார் ஸ்டீயரிங், கைப்பேசி, தோட்டத்துக் கையுறை, நாயின் ரோமம். நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சுபவருக்கு ஆகும். உலர்ந்த இடத்தில் உருஷியால் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். என் விஷயத்தில் அது ஷூ கயிறு. கை சற்று ஆறியதும் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போவேன், இரண்டு நாள் கழித்து விரலிடுக்கில் திரும்ப வரும். இரண்டு முறை இப்படி ஆன பிறகுதான் உறைத்தது.

வைத்தியம் என்று பார்த்தால், உண்மையில் வேலை செய்யும் வைத்தியம் தடிப்பு வருவதற்கு முன்னால் இருக்கிறது. தொட்டுவிட்டோம் என்று தெரிந்த உடனே கழுவ வேண்டும். பத்து நிமிடத்திலேயே ஏறக்குறையப் பாதி எண்ணெய் தோலோடு பிணைந்துவிடும், அரை மணி நேரம் கழித்துக் கழுவிப் பலனில்லை என்றுதான் பழைய கணக்கு. அதைப் படித்துவிட்டு 'இனி என்ன' என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், ஆட்களின் கையில் உருஷியாலைத் தடவி, இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு மூன்று பொருள்களால் கழுவிப் பார்த்தார்கள். ஒன்று இதற்கென்றே விற்கும் டெக்னு, ஒன்று மெக்கானிக்குகள் கிரீஸ் போக்கப் பயன்படுத்தும் பசை, ஒன்று சாதாரணப் பாத்திர சோப்பு. மூன்றுமே பாதிக்கு மேல் பாதுகாப்புத் தந்தன, மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. விலையில்தான் பெரிய வித்தியாசம். (டெக்னு கதை சுவையானது. 1960களில் ஆரிகனைச் சேர்ந்த ஒரு வேதிப் பொறியாளர், அணுகுண்டு வெடித்தால் உடம்பில் படியும் கதிரியக்கத் தூசியைக் கழுவுவதற்காகச் செய்த திரவம் அது. பாய்சன் ஓக்குக்கு வேலை செய்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.)

ஆகவே பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து, ஒரு துணியால் நன்றாகத் தேய்த்து, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவவும். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று முறை. நகக்கண்ணை மறக்க வேண்டாம். வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது, பாத்திரத் தொட்டியில் நாம் தினமும் பார்ப்பதுதான். அந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு, நம் வீடுகளில் முதலில் செய்வதும் அதுதான்: அரிக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவுவது. கழுவாத தோலில் எண்ணெயைத் தடவினால் உருஷியால் அதில் கரைந்து இன்னும் அகலமாகப் பரவும். போட்டிருந்த உடுப்பைத் தனியாக, சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். ப்ளீச் துணிக்கும் தரைக்கும் உரியது, தோலில் ஊற்றினால் இருக்கும் புண்ணோடு இன்னொரு புண்.

தடிப்பு வந்துவிட்டதா? இனி நோயை வெட்டி எறிய மருந்தில்லை. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அதுவாகவே ஆறும், அதுவரை அரிப்பைத் தாங்க வழி செய்வதுதான் வைத்தியம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பதினைந்து இருபது நிமிடம் போட்டு எடுப்பது, காலமைன் லோஷன், ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீரில் ஊறுவது, இவை எளியவை, நிம்மதி தருபவை. கடையில் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் லேசான தடிப்புக்கு ஓரளவு உதவும், கொப்புளம் கட்டியபின் அதன் பலம் போதாது. மருத்துவர் எழுதித் தரும் வலுவான ஸ்டீராய்டு களிம்பு, தடிப்பு சிறிய இடத்தில் இருந்து, சீக்கிரமே பூச ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். முகத்திலும் மடிப்புகளிலும் அந்த வலுவான களிம்பைச் சொந்த யோசனையில் பூசக் கூடாது.

அலர்ஜி என்றதும் செட்ரிசின் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். அது தடுப்பது ஹிஸ்டமின் என்ற உடம்பு ரசாயனத்தை, இந்த அரிப்பு ஹிஸ்டமினால் வருவதில்லை என்பதால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. தூக்கம் தரும் பழைய வகை மாத்திரை இரவில் தூங்க வைக்கும், அதுவும் ஒரு உதவிதான், ஆனால் வயதானவர்களுக்குத் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. அதே மருந்தை க்ரீமாகவோ, மரத்துப் போகச் செய்யும் பென்சோகெய்னையோ, நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையோ தடிப்பின் மேல் பூச வேண்டாம். அவற்றுக்கே தோல் அலர்ஜியாகி, எது எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். வேப்பிலை, மஞ்சள் பற்றி அம்மாவிடம் நான் வாதாடவில்லை. குளிர்ச்சியாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் நான் காணவில்லை. உடைந்த கொப்புளத்தின் மேல் அரைத்த எதையும் அப்பாமல் இருப்பதே மேல். அமெரிக்கர்களுக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு, ஜுவல்வீட் என்ற செடியின் சாறு. சோதித்துப் பார்த்ததில் அது சோப்பைத் தாண்டவில்லை.

முகம் வீங்கினாலோ, கண் மூடிக்கொண்டாலோ, பிறப்புறுப்பில் வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதி தடித்தாலோ ஸ்டீராய்டு மாத்திரைதான் வழி, பொதுவாக பிரெட்னிசோன். இங்கேதான் நான் மாட்டினேன். ஓர் அவசர சிகிச்சை மையத்தில் எனக்கு ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து முடிக்கும் மாத்திரை அட்டையைக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே அரிப்பு அடங்கியது, அற்புதம் என்று நினைத்தேன். அட்டை முடிந்த மறுநாளுக்கு மறுநாள் முன்னைவிட மோசமாகப் பொங்கியது. பிறகு பார்த்த தோல் மருத்துவர் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார்: உடம்பின் சண்டை இரண்டு மூன்று வாரம் நடக்கும், ஆறாம் நாள் போலீஸைத் திருப்பி அழைத்துக்கொண்டால் கலவரம் மீண்டும் தொடங்காதா? மாத்திரை தேவைப்படும் அளவுக்குத் தடிப்பு இருந்தால், இரண்டிலிருந்து மூன்று வாரம் வரை மெல்லக் குறைத்துக் கொடுப்பதே முறை. குறுகிய அட்டையைக் கொடுத்தால், 'முடிந்ததும் திரும்ப வருமா?' என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், முக்கியமாகக் கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்காக. அவர்கள்தான் சும்மா இருக்க முடியாமல் கொல்லையைச் சுத்தம் செய்வார்கள். பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கும். பிரெட்னிசோன் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றிவிடும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்து நடக்கும் நாள்களில் வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும், கொப்புளத்தில் சீழ் வைத்தாலும், சுற்றிலும் வலியோடு சிவப்பு பரவினாலும், சொறிந்த இடத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், காத்திருக்கக் கூடாது. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் நேராக அவசரப் பிரிவுதான்.

மா, முந்திரிப் பேச்சை நடுவில் விட்டுவிட்டேன். 1982இல் பென்சில்வேனியாவில் சிறுவர்களின் பேஸ்பால் அமைப்பு ஒன்று நிதி திரட்ட முந்திரிப் பருப்புப் பொட்டலங்கள் விற்றது. வாங்கித் தின்றவர்களில் 54 பேருக்கு உடம்பெங்கும் அரிப்புத் தடிப்பு. பருப்போடு ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன, ஓட்டில் உருஷியாலின் நெருங்கிய உறவான எண்ணெய் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்க வைக்கும் அதே எண்ணெய். இன்னொரு சம்பவம் இஸ்ரேலில். மாந்தோப்பில் காய் பறிக்கச் சென்ற அமெரிக்க இளைஞர்கள் 17 பேருக்குத் தடிப்பு வந்தது, கூடவே பறித்த உள்ளூர்க்காரர்களுக்கு வரவில்லை. அமெரிக்கர்களின் தோல் பாய்சன் ஐவியிடம் ஏற்கெனவே பாடம் படித்திருந்தது. உள்ளூர்க்காரர்களோ சிறுவயதிலிருந்தே மாம்பழம் தின்றவர்கள், முதல் அறிமுகம் வாய் வழியாக நடந்ததால் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். மாம்பழத்தில் வளர்ந்த நாம் பாய்சன் ஐவிக்குத் தப்பிப்போமா என்று இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. என் முன்கைகள் அதற்கு எதிர்ச்சாட்சி. எதிர்த்திசையில் ஒன்று நடக்கலாம்: இங்கே கடுமையாகத் தடித்தவர்களுக்கு, பிறகு மாங்காயைத் தோலோடு கடிக்கும்போது உதட்டோரம் அரிக்க ஆரம்பிக்கலாம். தோலைச் சீவிவிட்டுச் சாப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

இந்தச் செடி குறைவதாகவும் இல்லை. வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் காட்டில், எதிர்காலத்தில் எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் கரியமில வாயுவை ஆறு ஆண்டுகள் செலுத்திப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி பாய்சன் ஐவியின் வளர்ச்சி 149 சதவீதம் கூடியது. அதன் எண்ணெயும் தோலை அதிகம் தாக்கும் வகைக்கு மாறியிருந்தது.

வேலியில் மிச்சமிருந்ததை எடுக்கும்போது பாடம் தெரிந்திருந்தது. ரப்பர் கையுறையை உருஷியால் ஊடுருவிவிடும், தடித்த வினைல் கையுறைதான் சரி. முழுக்கை, முழுக்கால் உடுப்பு, வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு. வேர் கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்த வசந்தத்தில் செம்பு நிறத்தில் எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் பார்க்க வேண்டும். எதைச் செய்தாலும் எரிக்க மட்டும் கூடாது. சருகோடு சேர்த்துக் கொளுத்தினால் எண்ணெய் புகையில் ஏறி நுரையீரலுக்குள் போகும். கையில் வந்த கொப்புளம் மூச்சுக்குழாயில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும், ஆள் செத்துப்போகக்கூடிய விஷயம் அது. காய்ந்த கொடியிலும் எண்ணெய் அப்படியே இருக்கும். பனிக்காலத்துக்கு விறகு வாங்கினால், கட்டையின் மேல் தேங்காய் நார்க் கயிறு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே எடுக்கிறேன். போன டிசம்பரில் ஒரு கட்டையில் இருந்தது.